வாய்க்காலுக்கு இரு கரையிலும்: புதுச்சேரி, கடலூர்ப் பண்பாடுகளை நடந்து அறிய ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு இரவு திரும்பும் பயணிகளில் பெரும்பாலோர் புதுச்சேரியை இரண்டு துண்டாகவே பார்க்கிறார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளுமாக ஒரு பிரெஞ்சு நகரம். மேற்கே கடைகளும் நெரிசலுமாக ஒரு தமிழ் நகரம். முதலாவதைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதில் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறார்கள். இந்தப் பிரிவு பொய்யானதன்று, ஆட்சியாளர்களே திட்டமிட்டு வகுத்ததுதான். ஆனால் பல மொழியினரும் பல சமயத்தவரும் ஓர் ஊரில் எப்படி அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள், எங்கே உரசிக்கொண்டார்கள், யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அந்தக் கோடு வழிகாட்டாது. வழியை மறைக்கவே செய்யும். இரண்டு மூன்று நாள் ஒதுக்கக்கூடியவர், வெயில் தாழ்ந்த நேரங்களில் சில கிலோமீட்டர் நடக்கக்கூடியவர், அறியாத மனிதரிடம் பேசத் தயங்காதவர் என்று ஒருவரை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். உள்ளூர்க்காரருக்கும் இவை பயன்படும். தம் ஊரைப் பயணியின் கண்ணால் ஒருமுறையேனும் பார்க்காதவர்கள் நம்மில் அதிகம்.

குறுக்கு வீதியில் நடக்கத் தொடங்குங்கள்

கடலுக்கு இணையாக வடக்கு தெற்காகச் செல்லும் வீதிகளில் நடந்தால் ஒரே வகை வீடுகளையே நெடுந்தொலைவு பார்த்துக்கொண்டு போவீர்கள். கடலுக்கு முதுகு காட்டி, கிழக்கிலிருந்து மேற்காக நடப்பதுதான் சரியான தொடக்கம். என் பரிந்துரை ரங்கப்பிள்ளை வீதி. பாரதி பூங்காவின் அருகே காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். பூங்காவின் நடுவில் உள்ள ஆயி மண்டபத்தைப் பார்த்துவிட்டே புறப்படலாம். தன் மாளிகையை இடித்து ஊருக்குக் குளம் வெட்டித் தந்த ஆயி என்ற தாசியின் பெயரால், கிரேக்க ரோமானிய பாணியில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்ட மண்டபம் அது. இன்று புதுச்சேரி அரசின் சின்னமும் அதுவே.

அங்கிருந்து மேற்கே நடந்தால் வாய்க்கால் வரும். அதன் இரு கரையிலும் ஓடும் சாலைகளுக்குச் செஞ்சி, ஆம்பூர் என்ற உள்நாட்டு ஊர்களின் பெயர்கள்தாம். வாய்க்காலைத் தாண்டியதும் வீதியின் அகலமும் ஓசையும் மாறும். ஆனால் வீதி நேராகவே போகும். இந்த நேர்த்தியைப் பிரெஞ்சுக்காரர்களின் கணக்கில் எழுதுவது வழக்கம். 1693ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இவ்வூரைக் கைப்பற்றி 1699 வரை தம்மிடம் வைத்திருந்தபோது கட்டம் கட்டமாக வீதிகளை வரைந்தார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த வரைவையே பின்பற்றினார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினர். 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் பெற்றுக் கட்டத் தொடங்கினர். ஆகவே நீங்கள் பிரெஞ்சுத் தெரு என்று நினைத்து நடப்பது ஒல்லாந்தர் வரைந்து, ஆங்கிலேயர் இடித்து, பிரெஞ்சுக்காரர் சொல்லத் தமிழ்க் கொத்தனார்கள் சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய தெரு.

மிஷன் வீதியைக் கடந்து, பெரிய மார்க்கெட்டின் பக்கவாட்டில் செல்லும்போது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இதே வீதியில் இருக்கிறது. 1709இல் பிறந்து 1761இல் மறைந்த பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்தவர். 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு இவ்வூரின் பதினெட்டாம் நூற்றாண்டை நாள்தோறும் காட்டுகிறது. இந்த வீட்டின் முன் சற்று நேரம் நில்லுங்கள். கீழ்த்தளம் மரத் தூண்கள் தாங்கும் தமிழ் வீடு. மேல்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள் ஐரோப்பிய முறையில் வரிசையாக நிற்கின்றன. இது ஒரு வீட்டின் விசித்திரம் அன்று. வணிகத்திலும் கம்பெனி வேலையிலும் பொருள் சேர்த்த குடும்பங்கள் இப்படித்தான் கட்டிக்கொண்டன.

இதை இன்னும் நெருங்கிப் பார்க்க வடக்கே வைசியாள் வீதிக்குப் போகலாம். தெருவோரமாக மரக்கால்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம். வழிப்போக்கர் ஒதுங்க அது. அதற்குள் திண்ணை, தெரிந்தவர் உட்கார அது. அதற்குப் பின் செதுக்கு வேலைப்பாடுள்ள நிலையும் கதவும்; உறவினருக்கு அது. கதவு திறந்திருந்தால் நடை வழியாக முற்றத்து வெளிச்சம் தெரியும். இப்போது தலையை நிமிர்த்தினால், அதே வீட்டின் மாடியில் வளைவான சன்னல்கள், மரச்சட்டங்கள் அடுக்கிய கதவுகள், கைப்பிடிச் சுவரில் கலசம் போன்ற உருண்டைகள். தெருவோடு உறவாட வேண்டிய கீழ்ப்பகுதியைத் தமிழ் முறைப்படியும், ஊருக்கு அந்தஸ்தைக் காட்ட வேண்டிய மேற்பகுதியைப் பிரெஞ்சு முறைப்படியும் அமைத்துக்கொண்ட வீட்டுக்காரர் எதையும் குழப்பிக்கொள்ளவில்லை. தமக்கு எது எதற்குத் தேவை என்று தெளிவாகவே இருந்திருக்கிறார். வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் வீடுகள் உயர்ந்த மதிலைத் தெருவுக்குக் காட்டித் தோட்டத்தை உள்ளே ஒளித்துக்கொண்டவை. முதலில் வைசியாள் வீதியையும் பிறகு துய்மா வீதியையும் பார்த்தால், திண்ணைக்கும் மதிலுக்கும் உள்ள வேறுபாடே இரண்டு வாழ்க்கை முறைகளின் வேறுபாடு என்பது யாரும் விளக்காமலே புரியும். வரிசையை மாற்றிப் பார்த்தால் இந்தப் பயன் குறைகிறது என்பது என் எண்ணம்.

இவை பெரும்பாலும் மக்கள் குடியிருக்கும் வீடுகள். திண்ணையில் ஏறி அமர்ந்து படம் எடுப்பவர்களால் வீட்டுக்காரர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள், கேட்காமல் ஏறாதீர்கள்.

ஒரே இடம், வேறு வேறு நேரம்

பத்து இடங்களை ஒரு முறை பார்ப்பதைவிட இரண்டு இடங்களை மூன்று நேரங்களில் பார்ப்பது மேல். பெரிய மார்க்கெட்டைக் காலையில் பாருங்கள். மீன் கட்டில் கூடை இறக்கும் பெண்களின் பேச்சில் கரையோர ஊர் ஒவ்வொன்றின் சாயலும் தெரியும். பூக்கடைப் பக்கம் கோயிலுக்கு ஒரு கட்டு, கல்லறைக்கு ஒரு கட்டு, கல்யாணத்துக்கு ஒரு கட்டு என்று ஒரே கை கட்டிக்கொண்டிருக்கும். மதியம் ஒரு மணிக்கு மேல் பல கடைகள் சாத்தப்பட்டு நான்கு மணிவாக்கில் மீண்டும் திறக்கப்படுவது இவ்வூரின் பழைய வழக்கம். அந்த வெறுமையில் வீதியின் கட்டடங்கள் தெரியும், காலையிலும் மாலையிலும் பெயர்ப்பலகைகளே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டுக்குப் போனால், சுற்றுவட்டாரக் கிராமங்கள் நகரத்தை எதற்காக நாடுகின்றன என்பது விளங்கும்.

கடற்கரைச் சாலையும் அப்படியே. மாலையில் வண்டிகளைத் தடுத்து மறுநாள் காலை வரை நடப்பவருக்கே அந்தச் சாலையை விட்டுவிடுகிறார்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. சாலையின் தென்கோடியில் துப்ளேக்ஸின் சிலை. நடுவே முதல் உலகப்போரில் பிரான்சுக்காக உயிர்நீத்தவர்களுக்கு 1938இல் எழுப்பிய நினைவகம். மாலையில் இங்கே சுண்டல் தின்பவர்களைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் மீண்டும் வந்தால், நடைப்பயிற்சிக்கு வரும் அரவிந்தர் ஆசிரமவாசிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சிவப்புக் குல்லாய் அணிந்த காவலர்கள், வலை உதறும் மீனவர்கள் என்று வேறு ஓர் ஊரே அங்கு இருக்கும்.

வழிபாட்டிடங்களில் நுழைவது

இங்குள்ள தேவாலயங்களுக்கு ஊர்மக்கள் வைத்த பெயர்களையே சொல்லி வழி கேளுங்கள். மிஷன் வீதியில் 1791இல் கட்டி முடித்த அமலோற்பவ அன்னைப் பேராலயம் சம்பா கோயில். துய்மா வீதியில் 1855இல் எழுந்த தேவதூதர்களின் அன்னை ஆலயம் கப்ஸ் கோயில். கப்ஸ் கோயிலில் பிரெஞ்சு மொழியிலும் திருப்பலி உண்டு. ஞாயிறு அன்று அதில் அமர்ந்திருங்கள். பிரெஞ்சு புரிய வேண்டியதில்லை. பட்டுப்புடவை உடுத்திய மூதாட்டி பிரெஞ்சில் செபம் சொல்லி முடித்துவிட்டு வாசலில் ஆட்டோக்காரரிடம் தமிழில் பேரம் பேசுவதைப் பார்த்தாலே போதும்.

சம்பா கோயிலிலிருந்து தெற்கு நோக்கி நடந்தால் முல்லா வீதியும் காஜியார் வீதியும் குத்பா பள்ளிவாசலும் கொண்ட முஸ்லிம் பகுதி வரும். இன்னும் தெற்கே சுப்பையா சாலையில், 1907இல் கட்டிய இருதய ஆண்டவர் ஆலயம். அரை மணி நேர நடைதான். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வீதிகளில் வேடிக்கை பார்க்க நிற்க வேண்டாம். மாலை அஸர் தொழுகை முடிந்த பிறகு சென்று, 'பாய், உள்ளே வந்து பார்க்கலாமா?' என்று பொறுப்பாளர் ஒருவரைக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்கு மேல் திறக்கும் என்பதால் அதையொட்டித் திட்டமிடுங்கள். எங்கும் செருப்பைக் கழற்றுவது, தலையையோ தோளையோ மூடிக்கொள்வது, கருவறைப் பக்கமும் பீடத்தின் பக்கமும் கேமராவைத் திருப்பாதிருப்பது ஆகியவை சொல்லித் தெரிய வேண்டியவையல்ல. இதற்கு மேல் ஒன்று சொல்வேன்: பார்க்கப் போகாமல் பங்கேற்கப் போங்கள். பூசை முடியும் வரை நிற்பவரிடம் அர்ச்சகர் தாமாகப் பேசுவார். பாதியில் வந்து பாதியில் போகிறவரிடம் யாரும் பேசுவதில்லை.

சமய நல்லிணக்கம் என்ற ஒரே சொல்லில் இவ்வூரை அடக்கிவிடக் கூடாது. மணக்குள விநாயகர் கோயில் வெள்ளையர் பகுதிக்குள்ளேயே இன்றுவரை நிலைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். சம்பா கோயிலை அடுத்து இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748ஆம் ஆண்டு ஆங்கிலேயர் முற்றுகையின்போது இடிக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைய வேதபுரீசுவரர் கோயில் பின்னர் வேறு வீதியில் எழுந்தது. சாதியின் பெயரால் தேவாலயத்துக்குள்ளேயே சுவர் எழுப்பியிருந்ததையும், அது அகற்றப்பட்டதையொட்டி எழுந்த சச்சரவையும் பிள்ளையின் 1745ஆம் ஆண்டுக் குறிப்பில் படிக்கலாம். புறப்படும் முன் அந்த நாட்குறிப்பின் சில பக்கங்களையாவது படித்துவிடுங்கள். வீதியில் நிற்கும்போது கட்டடங்களின் அழகோடு அவற்றின் வழக்குகளும் நினைவுக்கு வரும்.

அரிக்கமேட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்து உரோமானியத் தொடர்பை உறுதிசெய்த இடம் அது. மண்ணும் மரங்களும் இடிந்த சுவர்களுமே அங்கு மிச்சம். முதலில் பாரதி பூங்காவின் அருகே உள்ள அருங்காட்சியகத்தில் மணிகளையும் சாடித் துண்டுகளையும் பார்த்துவிட்டுச் செல்லாவிட்டால் ஏமாற்றமே எஞ்சும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்ட வேண்டும். வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் என்றால் ஆகஸ்டு 15ஐப் பரிந்துரைப்பேன். அன்று நாட்டின் விடுதலை நாள். 1872இல் அதே நாளில் பிறந்த அரவிந்தரின் பிறந்த நாள். கத்தோலிக்கர்களுக்கு மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. விடியற்காலையிலிருந்தே ஆசிரமத்தின் சுற்றுவீதிகளில் வங்காளமும் ஒடியாவும் குஜராத்தியும் பேசும் குடும்பங்கள் வரிசையில் நிற்கும். அரவிந்தர் வாழ்ந்த அறையைக் காண அந்த நாளில் அனுமதி உண்டு. சற்றுத் தொலைவில் கடற்கரைச் சாலையில் கொடியேற்றமும் அணிவகுப்பும். மாலையில் மாதா கோயில்களில் திருப்பலியும் தேர்பவனியும். மூன்று கூட்டமும் ஒரே சாலைகளில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. யாரும் வியப்பதில்லை, போக்குவரத்தை எப்படித் திருப்பிவிடுவது என்பதே அன்று எல்லாருக்கும் கவலை. மறுநாள் 16ஆம் தேதியும் இங்கு அரசு விழா: நடைமுறையில் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவுடன் இணைந்துவிட்ட இப்பகுதி, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டு 16இல்தான்.

ஜூலை 14 மற்றொரு நாள். பிரான்சின் தேசிய நாளான அன்று, பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள், சொல்தா என்று ஊர் அழைக்கும் நம் தமிழ்ப் பெரியவர்கள், பதக்கங்களை அணிந்து கடற்கரைச் சாலைப் போர் நினைவகத்தின் முன் கூடுகிறார்கள். அதே மாதம் 30ஆம் தேதியை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை. 1936ஆம் ஆண்டு அந்நாளில் எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளுக்காகப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தனர். தொழிற்சங்கங்கள் இன்றும் அந்நாளை நினைவுகூர்கின்றன. ஒரு நகரத்தின் பண்பாடு என்பதில் ஆலைச் சங்கொலிக்கு எழுந்து உறங்கியவர்களின் வாழ்வுக்கும் இடம் உண்டல்லவா?

கோடையில் வந்தால் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் தேரோட்டத்தை விடாதீர்கள். பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் தொட்ட வழக்கம் மாறாமல், இன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அதே வில்லியனூரில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த லூர்து மாதா ஆலயத்தின் எதிரே நம் கோயில் திருக்குளங்களைப் போலவே படி கட்டிய குளம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

சாப்பாடும் பேச்சும்

உணவைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. நாக்கு தானே வழி கண்டுகொள்ளும். இருந்தாலும், கடற்கரையை ஒட்டிய விலையுயர்ந்த உணவகத்தில் உண்பதை மட்டும் பிரெஞ்சுப் பண்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். விடியற்காலையில் சைக்கிளில் ரொட்டி விற்பவரை நிறுத்தி நீண்ட பிரெஞ்சு ரொட்டியை வாங்கி வீட்டில் மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு எங்கே தமிழாகிறது என்பதை அங்கேதான் காண வேண்டும். சைகோனில் படைவீரராகவும் எழுத்தராகவும் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த வியட்நாமியச் சமையலும் இங்கு உண்டு. கிறிஸ்துமஸ் நேரத்தில் வந்தால், ரம்மில் ஊறிய உலர்பழங்களும் ரவையும் சேர்த்துச் செய்யும் விவிக்கம் கேக்கை ஏதேனும் ஒரு பழைய குடும்பத்தின் வழியாகச் சுவைக்கப் பாருங்கள்.

பேச்சுத்தான் கடினம். 'நீங்க எந்த ஆளுங்க?' என்ற கேள்வியை நம் ஊரில் மிக இயல்பாகக் கேட்டுவிடுகிறோம். பண்பாட்டை அறிய வந்தவர் அதைக் கேட்கவே கூடாது. பிறப்பைக் கேட்காமல் தொழிலைக் கேளுங்கள், வீட்டைக் கேளுங்கள், அன்றைய விசேஷத்தைக் கேளுங்கள். 'ஐயா, இந்த வீதிக்கு முன்னாடி என்ன பேரு?' என்று திண்ணைப் பெரியவரிடம் தொடங்கினால் அரை மணி நேரம் ஓடிவிடும். நேரு வீதியை இன்றும் துப்ளேக்ஸ் வீதி என்று சொல்பவர் கிடைத்தால் அவரிடம் 1954க்கு முந்தைய வீட்டுக்கதைகள் இருக்கும். 1881ஆம் ஆண்டு அரசாணையின்படி உள்ளூர்ச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப்பெயர் ஏற்றவர்களின் வழிவந்தோர், காரைக்காலிலிருந்து வேலைக்கு வந்தவர், ஏனாமிலிருந்து வந்த தெலுங்கர், மாகியிலிருந்து வந்த மலையாளி என்று அரசு அலுவலக வாசலிலேயே பல ஊர்கள் நிற்கும். மீன் விற்கும் அக்காவிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் பேச்சை வளர்க்காதீர்கள். அவருக்கு அது வேலை நேரம். பேசுகிறவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்ய விரும்பினால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். குறிப்பேடும் பேனாவும் மனிதரை அத்தனை மிரட்டுவதில்லை.

பல நாட்டினரும் சேர்ந்து வாழும் சோதனை நகரான ஆரோவில்லைப் பற்றி ஒரு பத்தி மட்டும். 1968 பிப்ரவரி 28இல் 124 நாடுகளின் மண்ணை ஒரு கலசத்தில் இட்டுத் தொடங்கிய அந்நகரின் பெரும்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. பார்வையாளர் மையத்துக்குப் போய், நகரின் நடுவே உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே பலரின் வழக்கம். குயிலாப்பாளையத்துக்கோ இடையன்சாவடிக்கோ நடந்து போய்த் தேநீர்க் கடையில் உட்காருங்கள். அண்டை வீட்டுக்காரராக அறுபது ஆண்டை நெருங்கும் ஒரு சோதனையைப் பார்த்துவருகிறவர்களின் கருத்து, உள்ளே கிடைக்கும் விளக்கத்திலிருந்து பெரிதும் வேறுபட்டிருக்கும்.

தெற்கே கடலூருக்கு

புதுச்சேரியைப் பார்த்துவிட்டுக் கடலூரைப் பார்க்காமல் திரும்புவது பாதிப் படிப்பு. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகச் செல்லும் நகரப்பேருந்தில் ஏறினால் முள்ளோடையில் எல்லை கடந்துவிடும். கடந்ததை அறிவிப்பது பெரும்பாலும் மதுக்கடைகளின் வரிசை சட்டென்று நிற்பதுதான். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஆட்சி மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் எல்லைக்கு இரு பக்கமும் இருக்கின்றன. இங்கே சுற்றுலாவுக்காக வண்ணம் பூசிய வீதி எதுவும் இல்லை. அதனால்தான் போகச் சொல்கிறேன்: யாரும் உங்களுக்காக எதையும் எடுத்து அடுக்கி வைக்காத ஊரில்தான் நீங்களாகப் பார்க்கப் பழகுவீர்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் பாடலீசுவரர் கோயிலிலிருந்து தொடங்கலாம். சமணத் துறவியாகத் தருமசேனர் என்ற பெயரோடு இங்கிருந்த பாடலிபுர மடத்தில் வாழ்ந்து, பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பிய அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிய, அவர் அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அந்த இடம் இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்றே வழங்குகிறது. கோயிலில் நிற்கும்போது, இவ்வூரில் முன்பு ஒரு பெரிய சமணப் பள்ளி இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பன்மை என்றாலே ஐரோப்பியர் வந்த பிறகு வந்தது என்று எண்ணும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கப்பல்கள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வழக்காடல் நடந்திருக்கிறது. அடுத்து, வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் தங்கியிருந்த திருவந்திபுரம். முகூர்த்த நாளில் போனால் ஒரே காலையில் எத்தனையோ திருமணங்கள் நடப்பதைக் காணலாம்.

பிற்பகலில் தேவனாம்பட்டினம். 1690ஆம் ஆண்டு மராட்டியரிடமிருந்து கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, நாலாபுறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரையிலான ஊர்களைத் தனதென்று கொண்டது. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தப் புனித தாவீது கோட்டைதான். 1758இல் பிரெஞ்சுக்காரர் இதைப் பிடித்து இடித்தார்கள். மூன்றாண்டு கழித்து ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்ததை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். இன்று கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே சிதைந்த சுவர்கள் சிலவே மிஞ்சியிருக்கின்றன. சில்வர் பீச்சுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் அவற்றைக் கவனிப்பதில்லை.

கடலூரின் பழைய பகுதியான முதுநகரை மறுநாள் விடியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் படகுகள் வந்து சேரும் வேளையில் ஏலம் நடக்கும். சோனாங்குப்பம், அக்கரைக்கோரி, சிங்காரத்தோப்பு ஆகிய மீனவ ஊர்களின் பெயர்கள் அந்தக் கூச்சலில் மாறி மாறிக் கேட்கும். பிறகு கடைத்தெரு: மளிகைக் கடை நாடார், அடகுக்கடை மார்வாடி, கருவாட்டு மொத்த வியாபாரி, தர்காவுக்குச் சந்தனம் வாங்க வந்த பாய் என்று அடுத்தடுத்து நிற்பார்கள். பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் தஞ்சமடைந்திருந்த பாரதியார் 1918 நவம்பர் 20இல் ஆங்கிலேய எல்லைக்குள் வந்ததும் கைதாகி இந்தக் கடலூர்ச் சிறையில்தான் அடைக்கப்பட்டார். புதுச்சேரி ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீட்டை முதல் நாள் பார்த்தவருக்கு, நேற்று பேருந்தில் தூங்கிக்கொண்டே கடந்த எல்லை ஒரு காலத்தில் எத்தகையது என்பது இங்கு உறைக்கும்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் மாவட்டத்தின் உட்பகுதிக்குப் போகலாம். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் எரிகிறது. பசி என்று வந்தவரிடம் அங்கு யார் எவர் என்று கேட்பதில்லை. நெய்வேலியில் சுரங்க வேலைக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் அடுத்தடுத்த குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1இல் ஐதர் அலியும் ஆங்கிலேயரும் மோதினார்கள்; இன்று அது அமைதியான முஸ்லிம் வணிகர் ஊர், கடல்வாழ் உயிரியல் படிக்கும் மாணவர்களின் ஊர்.

மாசி மகத்துக்கு யாருடன் போவது

இரண்டு ஊர்களையும் இணைக்கும் நாள் மாசி மகம். புதுச்சேரியில் வைத்திக்குப்பம், கடலூரில் தேவனாம்பட்டினம் ஆகிய கடற்கரைகளுக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவர்கள் தீர்த்தவாரிக்காக எழுந்தருள்கிறார்கள். மயிலத்து முருகன் முதல் பெயர் தெரியாத சிற்றூர் அம்மன் வரை டிராக்டரிலும் பல்லக்கிலும் வந்து ஒரே மணலில் வரிசையாக நிற்பதும், ஒவ்வோர் ஊர்க்காரரும் தம் சாமியைத் தம் முறைப்படி நீராட்டுவதும் காணத்தக்கவை. காலை எட்டு மணிக்கு முன் சென்றுவிட வேண்டும். வண்டியை மிகத் தொலைவிலேயே நிறுத்த நேரும்.

ஆனால் ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்காக அங்குள்ள கடற்கரைக்கு வரும் வழியில் கிள்ளை தைக்காலில் உள்ள தர்காவின் முன் நிற்கிறார். அங்குள்ள முஸ்லிம்கள் பட்டும் மாலையும் அளித்து அவரை வரவேற்கிறார்கள். இதைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் ஒரு படத்தோடு வெளியிட்டு முடித்துவிடுகின்றன. நேரில் சென்றால் படத்தில் வராதவற்றைப் பார்க்கலாம்: பெருமாள் எத்தனை மணிக்கு வருவார் என்று தர்கா வாசலில் நிற்பவர்கள் கைப்பேசியில் விசாரித்துக்கொண்டே இருப்பது, மேளம் நெருங்கியதும் பெரியவர் ஒருவர் சிறுவர்களை ஓரமாக நிற்கச் சொல்லி வழி ஏற்படுத்துவது, மாலை யார் கையில் இருக்கிறது என்று கடைசி நேரத்தில் தேடுவது. கிள்ளைக்குச் சிதம்பரத்திலிருந்து பேருந்துகள் செல்கின்றன. அன்று நெரிசல் மிகுதி என்பதால் முந்தைய இரவே சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள். பெருமாள் வரும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகும், தைக்கால் கடைக்காரர்களிடம் காலையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.